துருவத்துக்கு ஸ்கீல போய் நிதி திரட்டணும்னு நினைக்கிறீங்களா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

நான் ரெண்டு தடவை கிரீன்லாந்து பனிப்பாளத்துல இறங்கியிருக்கேன், முதல் தடவை பாதியிலயே திரும்பிட்டோம், ரெண்டாவது தடவை மேற்கு ஓரத்துல இருந்து கிழக்கு ஓரம் வரைக்கும் கடந்தோம். அப்புறம் ஒரு வருஷம் விட்டு தென் துருவத்துக்கு கடைசி டிகிரி, அதாவது துருவத்துக்கு முந்தின கடைசி 111 கிலோமீட்டர், போனேன். மூணுமே ஒரே காரணத்துக்காகத்தான், குணப்படுத்த முடியாத நோயோட இருக்குற குழந்தைங்களுக்கு வலி தெரியாம பார்த்துக்குற ஒரு சின்ன இல்லத்துக்குப் பணம் சேர்க்க. அதுக்கப்புறம் நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதுறதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்கயே போட்டுடறேன்.

போலார் ஸ்கீ எக்ஸ்பெடிஷன்னா மலையில இருந்து சறுக்கி இறங்குறதா?

இல்லவே இல்ல. டிவில பாக்குற அந்த சறுக்கு விளையாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. இது நடை. கால்ல நீளமான ஸ்கீ, அதோட அடியில பின்னாடி வழுக்காம இருக்க ஸ்கின்னு ஒரு துணிப் பட்டை, இடுப்புல ஹார்னஸ், பின்னாடி கயித்துல ஒரு ஸ்லெட்ஜ், அதை பல்க்னு சொல்லுவாங்க. சாப்பாடு, எரிபொருள், டென்ட், ஸ்லீப்பிங் பேக், ரிப்பேர் சாமான், மருந்து எல்லாம் அதுலதான். பெரும்பாலும் ஏத்தம், இல்லன்னா சமதளம், எதிர்க்காத்து. மணிக்கு ரெண்டரை, மூணு கிலோமீட்டர் போனாலே நல்ல நாள்.

எந்த ரூட்டை எடுக்குறது? தென் துருவமா, கிரீன்லாந்தா, வட துருவமா?

முதல் தடவைன்னா நான் கிரீன்லாந்துன்னுதான் சொல்லுவேன். 1888ல நார்வேக்காரர் நான்சென்னோட டீம்தான் முதல்ல அந்தப் பனிப்பாளத்தைக் கடந்தாங்க, அவங்க கிழக்குல இருந்து மேற்கே போனாங்க. இப்ப நிறைய டீம் மேற்குல காங்கர்லுஸ்ஸுவாக் பக்கத்துல ஏறி, நடுவுல டை-2ன்னு கைவிட்டுப்போன பழைய அமெரிக்க ரேடார் ஸ்டேஷனைத் தாண்டி, கிழக்குக் கரையில இறங்குறாங்க. கிட்டத்தட்ட 550ல இருந்து 600 கிலோமீட்டர், மூணரை வாரத்துல இருந்து ஒரு மாசம். அரசாங்க பெர்மிட் வேணும், தேடி மீட்குற செலவுக்கான இன்ஷூரன்ஸ் கட்டாயம். அங்க பயப்பட வேண்டியது கிழக்குப் பக்கத்துல அடிக்கிற பிடெராக் காத்துதான், பனிப்பாளத்து மேல இருந்து குளிர்ந்த காத்து கடலைப் பாத்து சரிஞ்சு விழும், புயல் வேகத்துல வரும், டென்ட்டைச் சுத்தி பனிச் சுவர் கட்டலன்னா டென்ட் போயிடும், டென்ட் போனா ஆள் போன மாதிரி.

தென் துருவத்துக்கு ரெண்டு விதமா போலாம். முழு தூரம்னா அன்டார்க்டிகா கரையோரத்துல ஹெர்குலஸ் இன்லெட்ங்கற இடத்துல ஆரம்பிச்சு சுமார் 1,130 கிலோமீட்டர், நாப்பதுல இருந்து அம்பத்தஞ்சு நாள். கடைசி டிகிரின்னா 89வது அட்சரேகை கிட்ட விமானத்துல இறக்கி விட்டுடுவாங்க, அங்க இருந்து 111 கிலோமீட்டர், ஒரு வாரம் பத்து நாள். சிலிநாட்டுல புன்டா அரீனாஸ்ல இருந்து விமானம் ஏறி அன்டார்க்டிகால இருக்குற யூனியன் கிளேசியர் கேம்ப்ல நீலப் பனிக்கட்டி ரன்வேல இறங்கணும். சீசன் நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும்தான்.

கடைசி டிகிரின்னா ஈஸின்னு நினைக்காதீங்க. முழு தூரம் நடக்குறவங்க ஒன்றரை மாசமா மெல்ல மெல்ல உயரம் ஏறுறாங்க, உடம்பு பழகிடுது. நம்மள 700 மீட்டர் உயரத்துல இருக்குற கேம்ப்ல இருந்து ஒரே ஃப்ளைட்ல மேல கொண்டுபோய் விட்டுடறாங்க. துருவம் 2,835 மீட்டர் உயரம், ஆனா துருவப் பகுதில காத்தழுத்தம் கம்மிங்கறதால உடம்புக்கு 3,000 மீட்டருக்கு மேல இருக்குற மாதிரிதான் தெரியும். எனக்கு முதல் ரெண்டு நாள் தலை பிளக்குற வலி, சாப்பாடு உள்ள இறங்கல.

வட துருவம் தனிக் கதை. அங்க நிலமே இல்ல, கடல் மேல மிதக்குற பனிக்கட்டி. நீங்க ராத்திரி தூங்குறப்போ பனி உங்கள பின்னாடி இழுத்துட்டுப் போயிடும், காலைல எழுந்து பாத்தா நேத்து நடந்ததுல பாதி போயிருக்கும். நடுவுல பிளவு விட்டு தண்ணி தெரியும், பனிக்கரடி உண்டு. கரையில இருந்து முழுசா துருவம் வரைக்கும் நடந்தது கடைசியா 2014ல, எரிக் லார்சனும் ரையன் வாட்டர்ஸும், 53 நாள். கடைசி டிகிரி போறவங்களுக்காக ரஷ்யர்கள் ஏப்ரல்ல கட்டுற பார்னியோ மிதக்கும் கேம்ப்பும் 2019ல இருந்து பல சீசன் நடக்கல. பனி மெலிஞ்சுட்டே வருது. ஒரு நிதி திரட்டலை அந்த கேம்ப்பை நம்பி அறிவிக்காதீங்க, தேதி கேன்சலாச்சுன்னா டோனர்ஸ்கிட்ட பதில் சொல்றது நீங்கதான்.

எவ்ளோ செலவாகும்? டொனேஷன்ல இருந்து எடுத்துக்கலாமா?

கிரீன்லாந்து இருக்குறதுலயே கம்மி. தென் துருவம் கடைசி டிகிரியே பல பத்தாயிரம் டாலர், முழு தூரமும் அதே மாதிரி, தனியா போறேன்னா இன்னும் ஏறும். ஏன் இவ்ளோன்னா அன்டார்க்டிகால நீங்க எரிக்கிற ஒவ்வொரு லிட்டர் எரிபொருளும் விமானத்துலயோ கப்பல்லயோ அங்க வந்ததுதான், உங்கள ஏத்திட்டுப் போற சின்ன விமானம், ஆபத்துன்னா வர்றதுக்கு ரெடியா நிக்கிற ஆளுங்க, டாக்டர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த பில்.

ரெண்டாவது கேள்விக்கு பதில்: எடுக்கவே கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. துருவத்துக்குப் போறது நம்ம ஆசை. அந்த ஆசைக்கு நாமதான் காசு கட்டணும், இல்லன்னா அது எதுக்குன்னு தெரிஞ்சே குடுக்குற ஸ்பான்சர் கட்டணும். குழந்தைங்களுக்குன்னு ஒருத்தர் குடுத்த பணத்துல ஒரு ரூபா கூட நம்ம பூட்ஸுக்குப் போகக் கூடாது. சில பேர் "மொத்தமா வசூல் பண்ணி செலவு போக மிச்சத்தைக் குடுக்குறோம்"னு போடுறாங்க, சட்டப்படி அது சில இடங்கள்ல சரியாக் கூட இருக்கலாம், முன்னாடியே தெளிவா சொல்லியும் இருக்கலாம், ஆனா குடுக்குறவங்க அந்த வரியைப் படிச்சிருக்க மாட்டாங்க.

நான் பண்ணினது இதுதான், ரெண்டு தனி கணக்கு. பயணச் செலவுக் கணக்குல என் சேமிப்பு, ரெண்டு ஸ்பான்சர் பணம், வித்த பைக் பணம். டொனேஷன் நேரா இல்லத்தோட சொந்தக் கணக்குக்கே போற மாதிரி லிங்க், என் கை வழியா ஒரு பைசா வரல. நிதி திரட்டுற வெப் பேஜ்ல முதல் வரியே "என் பயணச் செலவு முழுக்க தனியா கட்டியாச்சு, நீங்க குடுக்குறது மொத்தமும் இல்லத்துக்கு" அப்படின்னு போட்டேன். அந்த ஒரு வரி போட்டதுக்கு அப்புறம்தான் தெரியாதவங்ககூட குடுக்க ஆரம்பிச்சாங்க.

அந்தச் செலவுக் காசை அப்படியே டிரஸ்டுக்குக் குடுத்துட்டா நல்லதுதானே?

நியாயமான கேள்வி. என்கிட்ட முதல்ல இதைக் கேட்டது எங்க வீட்டுல அக்காதான், ஒரு வாரம் என்னால பதில் சொல்ல முடியல.

உங்ககிட்ட அந்தப் பணம் ரெடியா கையில இருந்து, போகணும்ங்கற ஆசையும் பெருசா இல்லன்னா, ஆமா, நேரா குடுத்துடுங்க, அதுதான் நல்லது. சாரிட்டிக்காக மட்டும்தான் போறேன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன், அவங்களும் தன்னையே நம்பக் கூடாது, 30 டிகிரி மைனஸ்ல பத்தாவது நாள் காலைல அந்தக் காரணம் மட்டும் ஸ்லீப்பிங் பேக்ல இருந்து எழுப்பாது. போகணும்னு ஆசை இருக்கு, எப்படியும் போகப் போறேன், அப்ப அந்தப் பயணத்தால வர்ற கவனத்தை ஒரு நல்ல இடத்துக்குத் திருப்பி விடறேன், இதுதான் நேர்மையான கணக்கு. அதோட ஒரு குறைந்தபட்ச அளவு வெச்சுக்கிட்டேன், பயணத்துக்கு ஆகுற செலவுக்கு மேல டொனேஷன் வரணும்னு. கிரீன்லாந்துக்கு அது நடந்துச்சு. தென் துருவத்துக்கு நடக்கல, செலவுல முக்கால்வாசிதான் வந்துச்சு, அதையும் பேஜ்ல அப்படியே எழுதினேன்.

சாரிட்டிகிட்ட எப்ப பேசணும்?

எல்லாத்துக்கும் முன்னாடி. பேரை, லோகோவைப் போடுறதுக்கு எழுத்துல அனுமதி வாங்குங்க. நிறைய இடத்துல நிதி திரட்டுறதுக்கு சட்டம் உண்டு, அவங்களுக்குத்தான் அது தெரியும். அவங்களுக்கு நிஜமா என்ன தேவைன்னு கேளுங்க. நான் ஏதோ புதுக் கட்டடம்னு நினைச்சுட்டுப் போனேன், அவங்க கேட்டது சிரிஞ்ச் பம்ப், வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ராத்திரி முழுக்க உள்ள விடுற சின்ன மெஷின். சின்ன ஸ்தாபனம்னா உங்க பயணத்துக்காக அவங்க ஸ்டாப் நேரம் எவ்ளோ போகுதுன்னும் யோசிங்க, போஸ்டர் பண்ணுங்க, வீடியோ எடுங்கன்னு படுத்தாதீங்க.

கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு, முடிச்சா இவ்ளோன்னு பந்தயம் மாதிரி வசூல் பண்ணலாமா? அது நல்லா கலெக்ட் ஆகுமாமே?

ஆகும். ஆனா வேண்டாம். இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், இந்தப் பக்கத்தை எழுதுறதுக்கே இதுதான் காரணம்.

எங்க முதல் கிரீன்லாந்து டீம்ல நாலு பேர். ஒரு கம்பெனி, மறு கரையைத் தொட்டா ஒரு பெரிய தொகை குடுக்குறோம்னு எழுதிக் குடுத்தாங்க, மத்த டொனேஷன் எல்லாம் சேர்த்ததைவிட அது அதிகம். எங்களுக்கு அப்ப ஒரே சந்தோஷம். ஏழாவது நாள் சாயங்காலம் எங்கள்ல ஒருத்தருக்கு வலது கை மோதிர விரல் நுனி வெள்ளையாகி மெழுகு மாதிரி ஆயிடுச்சு, ஸ்டவ்வுக்கு எரிபொருள் ஊத்துறப்போ கையுறை நனைஞ்சு போச்சு. அவர் அதை யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு நாள் சொல்லல. கையுறையைக் கழட்டாம சாப்பிட்டாரு, டென்ட்ல கையை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே வெச்சிருந்தாரு. ஒன்பதாவது நாள் நான் பாத்தப்ப நுனி கருநீலமா கொப்புளம் கட்டியிருந்துச்சு. ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு அவர் சொன்னது, "நான் சொன்னா அந்த இல்லத்துக்குப் பணம் போயிடுமேப்பா."

அன்னிக்கே ஹெலிகாப்டருக்கு கூப்பிட்டோம், நாலு பேருமே வெளிய வந்துட்டோம். விரல் நுனி போயிடுச்சு, முதல் நாளே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. கம்பெனி ஒப்பந்தப்படி பணம் தரல, அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், அந்த கண்டிஷனுக்கு கையெழுத்துப் போட்டது நாங்கதான். சின்னத் தொகை குடுத்த முன்னூத்திச் சொச்சம் பேர்ல ஒருத்தர்கூட திருப்பிக் கேக்கல.

அதனால எந்த டொனேஷனும் முடிவோட கட்டிப்போட்டதா இருக்கக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடியே குடுத்துடுறது, இல்லன்னா திரும்பி வந்த நாள்ல முடிஞ்சாலும் முடியாட்டியும் குடுக்குறது. ரெண்டாவது தடவை பெரிய ஸ்பான்சர்ஸ் எல்லார்கிட்டயும் இதை எழுதி வாங்கினேன். ஒருத்தர் விலகிட்டாரு, பரவாயில்ல.

அப்ப பாதியில திரும்பினா டோனர்ஸ் ஏமாந்த மாதிரி ஆகாதா?

ஆகாது, நீங்க முன்னாடியே உண்மையை சொல்லியிருந்தா. பிரிட்டன்காரங்க ரானல்ஃப் ஃபியன்ஸும் மைக் ஸ்ட்ரௌடும் 1992-93ல அன்டார்க்டிகாவை ஸ்லெட்ஜ் இழுத்துக் கடந்தாங்க, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்ங்கற நரம்பு நோய் இருக்குறவங்களுக்காக நிதி திரட்டினாங்க. கண்டத்தைத் தாண்டி, கடல் மேல மிதக்குற ராஸ் ஐஸ் ஷெல்ஃப்ங்கற பனித்தட்டு மேல கொஞ்ச தூரம் வந்ததும், உடம்பு எலும்பும் தோலுமா ஆயிட்டதால, கடல் வரைக்கும் போகாம விமானத்தைக் கூப்பிட்டுட்டாங்க. அந்த நிதி திரட்டல் அதனால குறைஞ்சு போகல. 2013 டிசம்பர்ல காயம்பட்ட ராணுவ வீரர்களுக்காக மூணு டீம் போட்டி வெச்சு தென் துருவத்துக்குப் போனாங்க, இளவரசர் ஹாரியும் அதுல ஒருத்தர். தரை மோசமா இருந்துச்சு, ஆளுங்க ரொம்ப களைச்சாங்க, போட்டியையே ரத்து பண்ணிட்டு எல்லாரும் ஒண்ணா நடந்து டிசம்பர் 13 அன்னிக்குப் போய்ச் சேர்ந்தாங்க. ஊரே பாத்துட்டு இருக்குறப்போ பிளானை மாத்துறதுக்கு தைரியம் வேணும், அந்த முடிவை எடுத்தவங்களை நான் ரொம்ப மதிக்கிறேன்.

செத்துப் போயிடுவோமா?

கைடோட, டீமா, பயண ஏற்பாடு பண்ற நல்ல ஆபரேட்டர் மூலமா போனா ரொம்பப் பெரும்பாலானவங்க முழுசா திரும்பி வர்றாங்க. ஆனா ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஹென்றி வொர்ஸ்லி, 55 வயசு, முன்னாள் ராணுவ அதிகாரி, துருவ அனுபவம் ஏற்கனவே ரெண்டு தடவை இருந்தவர். காயம்பட்ட வீரர்களுக்கான எண்டேவர் ஃபண்டுக்காக தனியா அன்டார்க்டிகாவைக் கடக்கப் போனாரு. 71 நாள் நடந்து, இன்னும் சுமார் 48 கிலோமீட்டர்தான் பாக்கி, 2016 ஜனவரி 22ல மீட்பு விமானத்தைக் கூப்பிட்டாரு. வயித்துக்குள்ள தொற்று பரவியிருந்துச்சு, ஆபரேஷன் பண்ணியும் ஜனவரி 24ல புன்டா அரீனாஸ் ஆஸ்பத்திரில இறந்துட்டாரு. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லக் கூடாது. என் டீம்மேட்டோட விரலையும் இதையும் சேர்த்து நினைக்காம இருக்க மட்டும் என்னால முடியல. நாங்க இப்ப வெச்சிருக்குற ரூல்: டென்ட்ல தினமும் ராத்திரி ஒவ்வொருத்தரும் கை, கால், முகம், தொடையை இன்னொருத்தர்கிட்ட காட்டணும், வலி இருந்தா எண் சொல்லணும், மறைச்சா அடுத்த நாள் நடை கிடையாது.

எனக்கு ஸ்கீயே தெரியாது, பனியையே பாத்ததில்ல. முடியுமா?

முடியும். பிரீத் சாண்டி, அப்ப பிரிட்டிஷ் ராணுவத்துல பிசியோதெரபிஸ்ட்டா இருந்தவங்க, துருவப் பயணம் பத்தி ஒண்ணுமே தெரியாமத்தான் ஆரம்பிச்சாங்க, டயர் இழுத்துப் பழகி, நார்வே கிரீன்லாந்துல டிரெயினிங் எடுத்து, 2022 ஜனவரி 3ல தன்னந்தனியா 40 நாள்ல தென் துருவத்தைத் தொட்டாங்க. ஆனா ஒரு குளிர்கால டிரெயினிங் கோர்ஸ் இல்லாம நேரா போகாதீங்க. நார்வேல ஹார்டாங்கர்விடா பீடபூமி, ஃபின்ஸ பக்கம், துருவத்துக்குப் போறவங்க காலங்காலமா பழகுற இடம். ஒரு வாரம் அங்க டென்ட்ல இருந்தா உங்களுக்கு இது சரிவருமா இல்லையான்னு தெரிஞ்சிடும். பெரிய காத்துல டென்ட் போடுறது, கையுறையோட ஸ்டவ் பத்த வைக்கிறது, திசைகாட்டியை நெஞ்சுல மாட்டி நடக்குறது, இதெல்லாம் கை தானா செய்யணும், யோசிச்சு செய்யக் கூடாது.

உடம்பை எப்படித் தயார் பண்றது?

டயர். ஹார்னஸ் மாட்டி கயித்துல லாரி டயரை இழுத்துட்டு நடங்க, ஓட வேண்டாம். மண் பாதை, மணல், புல் எதுவும் சரி. ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சு ஆறு மாசத்துல நாலஞ்சு மணி நேரம் வரைக்கும் கொண்டு வாங்க, அடுத்தடுத்து ரெண்டு மூணு நாள். இதுக்கு ஈடா ஜிம்ல எந்த மெஷினும் இல்ல. முதுகு, இடுப்புக்கு வலு பயிற்சி பண்ணுங்க. முழு தூரம் போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி வேணும்னே சில கிலோ எடை ஏத்திக்குவாங்க, அங்க அது கரைஞ்சுடும்.

அப்புறம் பல் டாக்டரை பாருங்க. சிரிக்காதீங்க, மைனஸ் 25ல சாக்லேட் கல்லு மாதிரி இருக்கும், கடிச்சா ஆட்டம் கண்ட ஃபில்லிங் கழண்டு வரும், அங்க பல்வலி வந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

அன்டார்க்டிகால கோடைல சூரியன் மறையாது, அதனால நேரம்ங்கறது நாம வெச்சுக்கிறதுதான். எழுந்ததும் முதல் வேலை ஸ்டவ், பனியை உருக்கித் தண்ணி ஆக்கணும், அதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பிளாஸ்க்கு நிறைக்கணும், சாப்பிடணும், டென்ட் பிரிக்கணும். அப்புறம் அம்பது நிமிஷம் நடை, அஞ்சு பத்து நிமிஷம் நிக்கிறது, மறுபடி நடை, இப்படி ஏழுல இருந்து ஒன்பது ரவுண்டு. நின்னதும் இறகு அடைச்ச பெரிய டவுன் ஜாக்கெட்டை உடனே மேல போட்டுக்கணும், சாப்பிடணும், குடிக்கணும், கிளம்பணும். சாயங்காலம் டென்ட், மறுபடி பனி உருக்கல், செக்கப், சாட்டிலைட் போன்ல கேம்ப்புக்கு நிலவரம் சொல்றது, தூக்கம்.

வெள்ளை மூட்டம் வந்தா நிலம் எது வானம் எதுன்னு தெரியாது, காலடி கூட தெரியாது, திசைகாட்டி முள்ளை மட்டும் பாத்துட்டு மணிக்கணக்கா நடக்கணும், சில பேருக்கு வாந்தியே வரும். சஸ்ட்ருகின்னு காத்து செதுக்கின பனி மேடுங்க வேற, சில இடத்துல இடுப்பளவு இருக்கும், அதுல ஸ்லெட்ஜ் பின்னாடி மாட்டி மாட்டி இடுப்பை இழுக்கும். எனக்கு அது மட்டும் இன்னமும் கனவுல வரும்.

எவ்ளோ எடை இழுக்கணும்?

கடைசி டிகிரிக்கு முப்பதுல இருந்து அம்பது கிலோ. முழு தூரத்துக்கு நடுவுல ரீசப்ளை, அதாவது வழியில புதுசா சாமான் வாங்கிக்கிறது, இல்லன்னா எம்பது தொண்ணூறு கிலோ வரைக்கும். பெரும்பங்கு சாப்பாடும் எரிபொருளும்தான், நாளாக நாளாகக் குறையும்.

சாப்பாடு?

ஒரு நாளைக்கு 5,000ல இருந்து 6,000 கலோரி, அப்படியும் எடை குறையும். எடைக்கு எது அதிக சக்தி குடுக்குமோ அதுதான் முக்கியம், கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4தான், அதனால வெண்ணெய், நட்ஸ், சாக்லேட், சீஸ் இதெல்லாம் நிறைய. காலைல ஓட்ஸ், ராத்திரி சுடுதண்ணி ஊத்துற ஃப்ரீஸ் டிரை சாப்பாடு. நாள் கணக்குக்குத் தனித்தனி பையில முன்னாடியே பிரிச்சு கட்டி வெச்சிடணும். சைவம் மட்டும் சாப்பிடுறவங்களும் தாராளமா போலாம். புதுசா எதையும் அங்க போய் முதல் தடவை சாப்பிட்டுப் பாக்காதீங்க, ரெண்டு வாரம் அதையே சாப்பிட முடியுதான்னு டிரெயினிங்ல தெரிஞ்சுக்கோங்க. எரிபொருள் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு கால் லிட்டர் கணக்கு, அது தீர்ந்தா தண்ணியே கிடையாது, சுத்தி மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு பனி இருந்தாலும் குடிக்க ஒரு சொட்டு இருக்காது.

குளிரைத் தாங்க எவ்ளோ டிரெஸ் போடணும்?

எல்லாரும் நினைக்கிறதைவிட கம்மி. நடக்குறப்போ எதிரி குளிர் இல்ல, வேர்வை. வேர்த்தா துணி நனையும், நின்னதும் அது உறையும். மெலிசா ஒரு கம்பளி உள்ளாடை, மேல காத்து புகாத ஆனா வேர்வையை வெளிய விடுற ஜாக்கெட், அதோட ஹூடைச் சுத்தி ரோமம், பெரும்பாலான நேரம் இது போதும். முதல் பத்து நிமிஷம் லேசா குளிர்ற மாதிரியே கிளம்பணும். கைக்கு மட்டும் மூணு அடுக்கு, கையுறையைக் கயித்தால உடம்போட கட்டி வைக்கணும், காத்துல ஒண்ணு பறந்துச்சுன்னா அந்தக் கை போச்சு.

ஃப்ராஸ்ட்பைட் (குளிர்ல தோல், சதை உறையறது) வந்தா என்ன செய்யணும்?

முதல்ல தோல் வெள்ளையாகி மரத்துப் போகும், இந்தக் கட்டத்துல வெறும் உள்ளங்கையை வெச்சோ, அக்குள்ல விரலை வெச்சோ சூடு குடுத்தா திரும்பி வந்துடும். தேய்க்கக் கூடாது, பனியால தேய்க்கிறது பழைய தப்பு வைத்தியம். ஆழமா உறைஞ்சுட்டா, மறுபடி உறையாத இடத்துக்குப் போற வரைக்கும் உருக வைக்காதீங்க, உருகி மறுபடி உறைஞ்சா சேதம் ரெண்டு மடங்கு. எரிபொருள் ஊத்துறப்போ ரொம்ப ஜாக்கிரதை, மைனஸ் முப்பதுலயும் அது உறையாது, அந்தக் குளிரோட தோல்ல பட்டா உடனே புண்ணாக்கும். ஃபியன்ஸ் 2000ல வட துருவத்துக்குத் தனியா போனப்ப தண்ணில விழுந்த ஸ்லெட்ஜை வெறுங்கையால இழுத்தாரு, இடது கை விரல் நுனி எல்லாம் போச்சு.

நிறைய பேருக்குத் தெரியாத இன்னொண்ணு, போலார் தை (இங்கிலீஷ்ல தைன்னா தொடை). தொடையோட வெளிப்பக்கம் காத்து பட்டுப் பட்டு முதல்ல சிவந்து அரிக்கும், அப்புறம் ஆழமான புண்ணாகும், சில பேருக்குத் தோல் ஒட்டு ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கு. இறுக்கமில்லாத பேன்ட், மேல பஞ்சு வெச்ச ஷார்ட்ஸ், தினமும் ராத்திரி செக்.

டாய்லெட்?

டென்ட்ல ஒண்ணுக்குப் போக பாட்டில், அதுக்குத் தனியா அடையாளம் வெச்சுக்கோங்க. மத்தது காத்துக்கு முதுகு காட்டி சீக்கிரமா முடிக்கணும். அன்டார்க்டிக் ஒப்பந்தம் 1959ல கையெழுத்தானது, அதோட சுற்றுச்சூழல் நெறிமுறை 1991ல வந்துச்சு, குப்பை எதையும் விட்டுட்டு வரக் கூடாது. கடைசி டிகிரில மலத்தையும் பையில கட்டி ஸ்லெட்ஜ்லயே கொண்டு வரணும். அதை நான் மனசார செஞ்சேன், அவ்ளோ சுத்தமான இடத்தை வேற எங்கயும் பாத்ததில்ல. 1994ல இருந்து நாயையும் அங்க கொண்டு போகக் கூடாது.

"தனியா", "உதவியில்லாம", "முதல் ஆள்" இப்படியெல்லாம் விளம்பரம் பண்ணலாமா?

உண்மைன்னா பண்ணலாம். நடுவுல ரீசப்ளை வாங்கினா, பட்டம் வெச்சு காத்துல இழுத்துட்டுப் போனா, டிராக்டர் வண்டி போன தடத்துல நடந்தா, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பேர் இருக்கு, இதையெல்லாம் வரையறுக்க போலார் எக்ஸ்பெடிஷன்ஸ் கிளாசிஃபிகேஷன் ஸ்கீம்னு ஒண்ணு இருக்கு, அதைப் படிச்சுட்டு எழுதுங்க. கடைசி டிகிரி போயிட்டு "தென் துருவம் வரைக்கும் நடந்தேன்"னு மட்டும் போட்டா கரையில இருந்து நடந்ததா ஜனங்க நினைச்சுக்குவாங்க. நான் எல்லா இடத்துலயும் "கடைசி 111 கிலோமீட்டர்"னு போட்டேன். அதனால டொனேஷன் குறைஞ்சதான்னு கேட்டா, ஒண்ணு ரெண்டு குறைஞ்சிருக்கலாம்.

துருவத்துல என்ன இருக்கு?

அமுண்ட்சென்-ஸ்காட் ஆராய்ச்சி நிலையம், கொடிங்க, சம்பிரதாயமா ஒரு பளபள உருண்டை, கொஞ்சம் தள்ளி நிஜத் துருவத்தைக் காட்டுற கம்பம். அங்க இருக்குற பனி வருஷத்துக்குப் பத்து மீட்டர் நகருது, அதனால ஒவ்வொரு ஜனவரி 1லயும் கம்பத்தைப் புது இடத்துல நடுவாங்க. நார்வேக்காரர் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14ல முதல்ல வந்தாரு, பிரிட்டன்காரர் ஸ்காட் 1912 ஜனவரி 17ல. நான் அங்க நின்னு இல்லத்துக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன், நைட் டியூட்டி நர்ஸ் எடுத்தாங்க, பசங்க எல்லாம் தூங்குறாங்க, காலைல சொல்றேன்னாங்க.

திரும்பி வந்த பிறகு?

கால் விரல் சில மாசம் மரத்தே இருக்கும், கண்டபடி பசிக்கும், மனசு கொஞ்ச நாள் ஒண்ணுத்துலயும் ஒட்டாது, வீட்டுல இருக்குறவங்ககிட்ட இதை முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. வந்து ஒரு மாசத்துக்குள்ள கணக்கு போடணும்: எவ்ளோ வந்துச்சு, எப்ப போய்ச் சேர்ந்துச்சு, பயணச் செலவு எவ்ளோ, யார் கட்டினது. பத்து ரூபா குடுத்தவங்களுக்கும் அதே கடிதம்தான் போகணும். ஆறு மாசம் கழிச்சு அந்தப் பணம் என்ன ஆச்சுன்னு இன்னொரு கடிதம். இதுக்காக நான் இல்லத்துக்குப் போனப்ப நர்ஸம்மா அலமாரியைத் திறந்து காட்டினாங்க, மூணு பம்ப் வாங்கியிருந்தாங்க, உள்ள ரெண்டுதான் இருந்துச்சு. மூணாவது எங்கன்னு கேட்டேன், ஜன்னல் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாங்க. கடிதத்துல மூணு பம்ப்போட சீரியல் நம்பரையும் எழுதி அனுப்பினேன்.